வாத்துகள் தின்ற கோ-கோ மைதானம்

கடையில் கூட்டம் இருந்தால் எனக்குப் பொருள் வாங்க வராது. மற்றவர்கள் அடுத்தவன் தோளுக்கு மேலே கையை நீட்டி, "அண்ணே, எனக்கு மொதல்ல குடுத்து அனுப்புண்ணே" என்று குரல் கொடுத்து வாங்கிப் போய்விடுவார்கள். நான் ஓரமாக நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பேன். கூட்டம் குறையும் நேரம் பார்த்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். நான் வந்தது அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. நாற்பத்தைந்து வயதுவரை இந்த வெட்கத்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டில் சில நாள் புளி இல்லாமல் குழம்பு வைத்தார்கள், அவ்வளவுதான்.

நஷ்டம் வந்தது என் மகள் கௌசல்யாவுக்கு. அதுவும் அவளுடைய கடைசிப் பரீட்சையில்.

கௌசல்யா அப்போது உடற்கல்வி ஆசிரியர் படிப்பு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பாகூர் பக்கம். நான் அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மகள் எந்தப் பாடத்தில் எப்போது சந்தேகம் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "அம்மாவைக் கேளு." அவள் அம்மா அஞ்சலை எட்டாவது. அவளும் கொஞ்ச நாளில், "ஒங்கப்பனக் கேளு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தானாகப் படித்து முன்னேறியது.

அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது அஞ்சலைக்கு மனசு ஆறவில்லை.

"ஓடறதுக்கு எதுக்குடி ரெண்டு வருசம் படிப்பு? நாய் தொரத்துனா எல்லாரும் ஓடறாங்க."

"ஓடறவங்கள ஓட வைக்கப் படிப்பு வேணாம்மா. மரத்தடியில ஒக்காந்துகினு இருக்குதுங்களே, அதுங்கள எழுப்பி ஓட வைக்கத்தான் படிப்பு."

இதைச் சொல்லிவிட்டு அவள் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த விசிலுக்குத்தான் மரியாதை.

படிப்பின் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஏரிக்கரைக்குக் கீழே உள்ள பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரை அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். விளையாட்டுப் பீரியட் வந்தால் பந்து பையன்களுக்குப் போய்விடுகிறது. பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்க்கிறார்கள். இல்லையென்றால் கணக்கு டீச்சர் வந்து, "இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடும்மா" என்று பீரியடையே வாங்கிப் போய்விடுகிறார். அந்த ஒரு நாள் வாரா வாரம் வருகிறது. அதிலும் ஸ்டெல்லா என்று ஒரு பெண். கிழமைக்கு ஒரு வலி வைத்திருந்தாள். திங்கட்கிழமை வயிறு, புதன்கிழமை தலை, வெள்ளிக்கிழமை முட்டி.

கௌசல்யா விடவில்லை. கணக்கு டீச்சரிடம் கெஞ்சி, சண்டை போட்டு, பீரியடைத் திரும்ப வாங்கினாள். கடைசிப் பரீட்சைக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடம் கோ-கோ. நன்றாக ஓடும் பத்துப் பேரை வைத்து நடத்தினால் சுலபமாக முடிந்துவிடும். அவள் அப்படிச் செய்யவில்லை. நாற்பது பேரும் ஆட வேண்டும், ஒருத்திகூட உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று இரண்டு மைதானம், மாற்றி மாற்றி ஆட்கள் என்று நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்து பார்த்து மார்க் போடுவார். அதில் தேறினால் ஜூன் மாதம் வில்லியனூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். தேறாவிட்டால் இன்னொரு வருடம். பள்ளிக்கூடம் அதுவரை காத்திருக்காது.

பரீட்சை திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு காலையில் கௌசல்யா என்னிடம் வந்தாள்.

"அப்பா, ஸ்கூல்ல சுண்ணாம்புப் பவுடர் தீந்துபோச்சாம். பி.டி. சார் வெளிய வாங்கிக்கோன்னுட்டாரு. பாகூர் போய் ரெண்டு மூட்ட வாங்கி, சாயங்காலம் கோடு போட்டு வச்சிடறியா? எனக்கு டவுன்ல வேல இருக்கு, சார்ட்டு பிரிண்டு போடணும்."

"நான் போடணுமா?"

"நீதான் வரப்பு புடிச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்குமே. ஒன்ன வுட்டா யாருப்பா நேரா போடுவாங்க?"

பதினேழு வருடப் படிப்பில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவு எழுதின காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

கடையில் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமையானால் பாகூரில் ஆணியும் கம்பியும் பெயின்ட்டும் வாங்க இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதில் மூன்று பேர் பெண்கள். ஒருவர் என் அண்ணிக்குத் தூரத்து உறவு வேறு. அவர் பார்த்தால் பேச வேண்டும் என்று சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து எனக்குக் கடைக்காரர் தெரிந்தார், கடைக்காரருக்கு நான் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்றிருந்தேன் (அப்போது போய்க் கேட்டிருக்கலாம். இதை அஞ்சலை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்). ஒரு மணிக்கு முழுக்கக் குறைந்தது. ஷட்டர் இறங்கியது.

ஓடிப்போய், "அண்ணே, எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பூட்டைப் பூட்டிக்கொண்டே அவர், "ஞாயித்துக்கெழம அர நாளுதாம்பா. நாளைக்கி வா" என்று சொல்லிப் போய்விட்டார்.

வேறு கடை இருந்திருக்கும். கேட்டு விசாரிக்க வேண்டும். விசாரிக்க வாய் வேண்டும். நான் மொபெட்டை மில்லுக்குத் திருப்பினேன். கவலை வந்தால் மில்லுக்குப் போவது என் பழக்கம். சாவி என்னிடம்தான் இருக்கும்.

மில்லில் மாவு மிஷினுக்கு அடியில் தினம் கூட்டி அள்ளுவோம். மாவும் நொய்யும் கலந்து கிடக்கும். அதை மாட்டுக்கு எடுத்துப்போக முதலாளி எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். வாரம் முழுக்கச் சேர்ந்தது மூலையில் மூட்டையாக நின்றது. நான் ஒரு பிடி அள்ளிக் கீழே ஒரு கோடு விட்டுப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று விழுந்தது. விரல் நடுவில் நொய் சரசரவென்று இறங்கி, கோடு உடையாமல் போனது.

அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த மாதிரி வெளிச்சம் எனக்கு வாழ்நாளில் அதிகம் வந்ததில்லை, அதனால் அதை நம்பிவிட்டேன். பொங்கலுக்கு வாசல் நிறைய அரிசி மாவில்தானே கோலம் போடுகிறார்கள்? கல்யாண வீட்டில் பந்தல் முழுக்கப் போடுகிறார்களே? வாசலுக்கு ஆகிற மாவு மைதானத்துக்கு ஆகாதா? போதாததற்குச் சுண்ணாம்பு காலில் பட்டால் எரியும். பெண்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள். மாவு என்றால் மெத்தென்று இருக்கும். கோ-கோ விளையாட்டுக்கே நான் ஒரு முன்னேற்றம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாலை நாலரை மணிக்குக் கயிறு, முளைக்குச்சி, மாவு மூட்டையோடு மைதானத்தில் இறங்கினேன். யாரும் இல்லாத இடத்தில் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அளந்தேன். நடுக்கோடு, குறுக்குக் கோடுகள், எட்டு எட்டுக் கட்டம், இரண்டு பக்கமும் கம்பத்துக்கு இடம். நானே சொல்லக் கூடாது, அப்படி ஒரு நேர்த்தி. பொழுது சாயும்போது டவுனிலிருந்து வந்த கௌசல்யா ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! சூப்பர்பா! டிவியில காட்டற கிரவுண்டு மாதிரி இருக்கு!"

போனில் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். "ரொம்ப வெள்ளையா இருக்கே, இன்னா கம்பெனி பவுடரு?" என்று கேட்டாள்.

"நம்மூரு சரக்குதான்" என்றேன்.

மறுநாள் காலையில் அஞ்சலை மாட்டுக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். "ஏன்யா, மில்லுலேந்து மாட்டுக்கு மாவு எடுத்தாரலியா?"

"வேற வேலைக்கு எடுத்துட்டேன்."

"மாட்டுத் தீனியில ஒனக்கு இன்னாய்யா வேற வேல?"

நான் அதற்குள் மொபெட்டில் ஏறிவிட்டேன். பாக்கி மாவு இருந்த மூட்டையும் என்னோடு வந்தது, எங்காவது கோடு மங்கியிருந்தால் தொட்டுவிடலாம் என்று.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் என் கோடுகள் வெள்ளையாக இல்லை. கறுப்பாக இருந்தன. பனியில் நனைந்து கறுத்துவிட்டதோ என்று குனிந்தேன். கோடு நகர்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நடுக்கோடு முழுவதும், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும், எறும்பு. நான் நூல் பிடித்துப் போட்ட கோட்டில் ஒரு எறும்புகூட வரிசை தவறவில்லை. குறுக்குக் கோடுகளில் மட்டும் சிவப்பு எறும்பு. அவை தனிக் கட்சி போலிருக்கிறது.

துண்டால் அடித்தேன். வேப்பங்கொத்தால் கூட்டினேன். எறும்பு போகிற மாதிரி போய்த் திரும்பி வந்தது. மணி ஒன்பது. கார் வரும் சத்தம் கேட்டது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கறுப்பு தெரியாமல் இருக்க மேலே இன்னொரு கை மாவைத் தூவிவிட்டேன்.

எறும்புகளுக்குக் காலைப் பலகாரம் வந்து சேர்ந்தது.

தேர்வாளர் அம்மா குள்ளமான மனுஷி. வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு அட்டை, அட்டையில் கட்டம் போட்ட காகிதம். மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். பள்ளியின் பி.டி. சார் பக்கத்தில் நின்றார். அவர் எதற்கும் பதறாத மனிதர். "எல்லாம் நல்லா போவும் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாக்கி மூட்டையோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கௌசல்யா வெள்ளை உடையில் வந்து நின்று விசில் ஊதினாள். வீட்டில் தட்டைக் கழுவாமல் எழுந்து போகும் பெண்ணா இவள்? "கிளாஸ், அட்டென்ஷன்!" என்றதும் நாற்பது பேரும் விறைப்பாக நின்றார்கள். நானும் தொட்டிக்குப் பின்னால் விறைப்பாக நின்றேன். உடம்பைச் சூடாக்கும் பயிற்சி நன்றாகப் போயிற்று. தேர்வாளர் அம்மா தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு கோ-கோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: துரத்தும் கட்சியில் எட்டுப் பேர் நடுக்கோட்டின் கட்டங்களில் குந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகில் தட்டி "கோ" கொடுக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அதாவது, மைதானத்தில் எங்கெல்லாம் எறும்பு அதிகமோ அங்கெல்லாம் ஒரு பெண் அசையாமல் உட்கார வேண்டும்.

விசில். ஆட்டம் ஆரம்பம். மூன்றாவது கட்டத்தில் இருந்த ஸ்டெல்லா யாரும் தட்டாமலே துள்ளி எழுந்தாள்.

"ஸ்டெல்லா! கோ குடுக்கலியே, ஏன் எழுந்த?"

"மிஸ், கடிக்குது மிஸ்!"

"இன்னிக்கி இதுவா? ஒக்காரு!"

"மிஸ், நெஜமா மிஸ்! ஆத்தா!"

அதற்குள் ஐந்தாவது கட்டம் எழுந்தது. இரண்டாவது மைதானத்தில் ஏழாவது கட்டம். பிறகு எல்லாக் கட்டமும். பதினாறு பெண்கள் நின்ற இடத்தில் குதித்து, பாவாடையை உதறி, முழங்காலைத் தட்டிக்கொண்டு ஆடினார்கள். தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன ஃபார்மேஷன்?" என்று பி.டி. சாரைக் கேட்டார்.

"புதுசா எதுனா ட்ரை பண்ணுவாங்க மேடம். நல்லா போவும்."

அதோடு நின்றிருந்தால் எறும்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். எந்த மைதானத்தில் எறும்பு இல்லை? ஆனால் அது அறுவடை முடிந்த மாதம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வாத்து மேய்க்கிறவர்கள் வந்து, அறுத்த கழனிகளில் வாத்து விடுகிற காலம். பள்ளிக்கூடத்துக்குத் தெற்குப் பக்கம் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. அந்த இடிசலைத் தாண்டினால் கழனி.

முதலில் ஒரு வாத்துதான் வந்தது. இடிசல் மேல் ஏறி நின்று, பரீட்சை பார்க்க வந்த மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மெதுவாக இறங்கி எல்லைக்கோட்டை மூக்கால் தொட்டது. ஒரு கொத்து கொத்தியது. தலையைத் தூக்கிப் பின்னால் திரும்பி ஏதோ சொன்னது.

என்ன சொன்னதோ, முந்நூறு வாத்துக்குக் குறையாமல் சுவரைத் தாண்டிக் கொட்டின.

வந்த வாத்துகள் கண்டபடி ஓடியிருந்தால்கூட மானம் தப்பியிருக்கும். அவை கோட்டின்மேலேயே வந்தன. எல்லைக்கோட்டில் ஒரு வரிசை, நடுக்கோட்டில் ஒரு வரிசை, குறுக்குக் கோட்டுக்குத் தனி வரிசை. என் அளவு எவ்வளவு துல்லியம் என்பதை அன்று ஊருக்குக் காட்டியது அந்த வாத்துகள்தான். அவை போன வழியில் கோடு இல்லை, எறும்பும் இல்லை. பெண்கள் அலறிச் சிதறினார்கள். பையன்கள் வகுப்புச் சன்னல்களில் அடுக்கடுக்காகத் தொங்கினார்கள். கௌசல்யா விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றாள்.

எனக்கு ஒரே ஒரு எண்ணம். மூட்டையை மறைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது (மைதானம் முழுக்க வாத்து தின்றுகொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றிய யோசனை இது). மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னாலிருந்து பூனை மாதிரி நழுவினேன். மில்லில் எலி அதிகம். மூட்டையின் அடியில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது. நான் நடக்க நடக்க என் பின்னால் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்தது.

வாத்துகளுக்கு அது தெரிந்துவிட்டது.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். முந்நூறு வாத்தும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. நான் வேகமாக நடந்தேன். அவையும் வேகமாக நடந்தன. நான் ஓடினேன். கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மூட்டையைக் கீழே போடலாம் என்று இரண்டாவது சுற்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் முகம் அழப் போகிற மாதிரி கோணியது. சரி, என் பெண்ணின் வேலையை நானே தின்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது விசில் கேட்டது, நீளமாக.

"அப்பா! மூட்டயப் போடாத! ஓடு! செவுரு பக்கம் ஓடு! லெஃப்ட்ல திரும்பு!"

நான் பதற்றத்தில் வலது பக்கம் திரும்பினேன். அங்கே தேர்வாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"லெஃப்ட்னா அந்தக் கைப்பா! சோறு திங்காத கை!"

அது புரிந்தது. திரும்பினேன்.

"கோர்ட்டு ஒண்ணு, செவுத்துலேந்து இந்தப் பக்கம் வரிசையா நில்லு! கோர்ட்டு ரெண்டு, எதுர் பக்கம்! கைய விரி! வாத்தத் தொடாத, கத்தாத! நடுவுல வழி வுடு!"

நாற்பது பெண்களும் ஓடினார்கள். நிமிஷத்தில் இரண்டு வரிசை, நடுவில் ஒரு சந்து, சந்தின் முடிவில் இடிந்த சுவர். அந்தச் சந்துக்குள் நான் ஓட, எனக்குப் பின்னால் வாத்துகள் வந்தன. பாதியில் ஒரு கூட்டம் பிரிந்து சத்துணவுக் கூடத்துப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே உலையில் போட அரிசி களைந்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் வரிசையிலிருந்து பாய்ந்து, மைதானத்தின் குறுக்கே பறந்து போய், வாத்துகளுக்கு முன்னால் கையை விரித்து நின்று மடக்கித் திருப்பினாள். ஸ்டெல்லா. வயிறும் தலையும் முட்டியும் வலிக்காத ஸ்டெல்லாவை அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் பார்த்தது.

நான் இடிசலைத் தாண்டிக் குதித்தேன். கால் வாய்க்காலில் விழுந்தது, மற்ற உடம்பு கழனியில் விழுந்தது, மூட்டை என்மேல் விழுந்து கிழிந்தது. வாத்துகள் என்மேல் ஏறி இறங்கித் தின்றன. எழுந்திருக்காமல் ரிசல்ட் வரும்வரை அங்கேயே கிடந்துவிடலாமா என்று யோசித்தேன். நீளக் கழியோடு வாத்துக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாண்ணா, உசுரு இருக்குதா?"

"இருக்குது."

"எத்தினியோ ஊரு போயிருக்கேண்ணா. போனா கல்லால அடிச்சித் தொரத்துவாங்க. தரையில கோடு போட்டுத் தீனி வச்சிக் கூப்புட்டது ஒங்க ஊருதான். நாளைக்கும் உண்டா?"

மாவும் சேறும் பூசிக்கொண்டு திரும்பி வந்தேன். மைதானம் சுத்தமாக இருந்தது. கோடு இருந்த அடையாளமே இல்லை. தேர்வாளர் அம்மா காலைக் கீழே இறக்கிக் கௌசல்யாவைக் கூப்பிட்டார்.

"கிரவுண்ட் மார்க் பண்ணது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் கௌசல்யா.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, காட்டிக்கொடுக்காமல் நின்றாள். பரீட்சைச் சட்டப்படி அது அவள் வேலைதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதோடு முடிந்துவிடும். சுற்றிலும் ஒரு பள்ளிக்கூடமே நிற்கிறது. நான்கு பேர் நிற்கும் கடையில் சுண்ணாம்பு கேட்காதவன் நான்.

"பொய்யிங்கம்மா!" என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. "பொண்ணு சுண்ணாம்புதான் வாங்கியாரச் சொல்லுச்சி. கடையில கூட்டம். கேக்க வெக்கமா இருந்துச்சி. மில்லு மாவ நான்தான் எடுத்தாந்து போட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. மார்க்கு கொறைக்கறதா இருந்தா எனக்குக் கொறைங்க."

தேர்வாளர் அம்மா அட்டையைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க குறைக்கிறது? என் லிஸ்ட்ல நீங்க இல்லையே."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"கடையில நிக்க வெக்கமா இருந்துச்சு, சரி. இத்தனை வாத்தைக் கூட்டிக்கிட்டு கிரவுண்டை ரெண்டு சுத்து சுத்துனீங்களே, அப்ப வெக்கமா இல்லையா?"

"அப்ப நேரம் இல்லிங்கம்மா" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பி.டி. சார் தைரியமடைந்து, "நான்தான் சொன்னனே மேடம், நல்லா போவும்னு" என்றார். தொப்பி இறங்கியபோது முகம் பழையபடி கண்டிப்பாக இருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா. கோடு கிடையாது. பாடத்தை முடி."

கௌசல்யா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது பெண்களையும் வரிசையாக நிற்க வைத்தாள். குதிகாலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே நடக்கச் சொன்னாள். ஒருத்தி இழுத்த கோட்டை அடுத்தவள் ஆழமாக்கினாள். மண் கிளறி, கோணல் மாணலாக இரண்டு மைதானம் எழுந்தது. நான் போட்டதில் பாதி நேர்த்திகூட இல்லை. ஆனால் அந்தக் கோடு அவர்களே போட்டது. ஒருத்தியும் அதைத் தாண்டித் தப்பாட்டம் ஆடவில்லை. எறும்பும் வாத்தும் துரத்தி ஏற்கெனவே நாற்பது பேருக்கும் உடம்பு சூடாகியிருந்தது. கூச்சமும் போயிருந்தது. இவ்வளவு ஆனபிறகு யார் முன்னால் யாருக்கு என்ன கூச்சம்? "கோ! கோ!" என்று கழனிவரை கேட்டது. பெல் அடித்த பிறகும் ஸ்டெல்லா கட்டத்தை விட்டு எழ மாட்டேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கௌசல்யா என்னோடு பேசவில்லை. எதுவானாலும் விசில்தான். ஒரு ஊது என்றால் சாப்பாடு, இரண்டு என்றால் தண்ணீர். நான் முணுமுணுக்காமல் கட்டுப்பட்டேன். நான்காம் நாள் பாட நோட்டு திரும்பி வந்தது. அவள் படித்துக் காட்டினாள். தேறியிருந்தாள். மைதானக் குறியீடு என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் பூஜ்ஜியம். கடைசியில் தேர்வாளர் அம்மா கையால் எழுதியிருந்தார்: "வகுப்பு முழுவதும் ஓடியது. பெற்றோர் உட்பட."

அந்தப் பூஜ்ஜியம் என்னுடையது. என் மகளின் படிப்பில் நான் சம்பாதித்துக் கொடுத்த ஒரே மார்க். கௌசல்யா சிரித்து முடித்து, "பரவால்லப்பா, வட்டம் ரவுண்டா போட்டிருக்காங்க" என்று முதுகில் தட்டினாள். எனக்கு அது "கோ" கொடுத்த மாதிரி இருந்தது. எழுந்து டீ குடிக்கப் போனேன்.

இப்போது அவள் வில்லியனூர் பக்கத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அங்கே கணக்கு டீச்சர் அவள் பீரியடைக் கேட்பதில்லை, கேட்டுப் பார்த்துவிட்டார். வருடா வருடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை அவளிடம் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு முதல் பாடமே என் கதைதான். எங்கள் வீட்டிலோ நான் கடையிலிருந்து எது வாங்கி வந்தாலும், உப்போ, சோப்புத்தூளோ, முகப் பவுடரோ, அஞ்சலை பையைப் பிரிக்கும் முன் கேட்பது ஒரே கேள்வி: "வாத்து திங்குமா, திங்காதா?" மருமகன் பெண் பார்க்க வந்த அன்று நான் சர்க்கரை வாங்கி வந்தேன். அவர் முன்னாலேயே கேட்டாள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் பயிற்சிப் பெண்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். கையில் ஒரு பொட்டலம், நோட்டு, பேனா.

"சார், நாளைக்கு எங்களுக்கு எக்ஸாம். பவுடரை உங்ககிட்ட காட்டி ஓகே வாங்கிட்டுத்தான் கோடு போடணும்னு மேடம் சொன்னாங்க."

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. காது சூடாகிவிட்டது. உள்ளே ஓடப் பார்த்தேன். அஞ்சலை வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்று, "கேக்கறாங்கல்ல, சொல்லு" என்றாள். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு சிட்டிகை எடுத்து, மில்லில் மாவு பார்க்கிற பழக்கத்தில் யோசிக்காமல் நாக்கில் வைத்துவிட்டேன்.

சுண்ணாம்பு. கண்ணில் நீர் கொட்டியது. வாய் பேச முடியவில்லை. கையை மட்டும் உயர்த்தி, சரி என்று ஆட்டினேன்.

ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவள் தோழியிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது: "பாவம்டி, மாவு இல்லன்னு தெரிஞ்சதும் அழுவுறாரு."